பழக்கம் என்னும் சொல்
(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சொல். அதுவும் புலவர்கள் நிகண்டில் தேடி எடுக்கும் அருஞ்சொல் அன்று. நாடோறும் நம் வாயில் அடிபடுகின்ற 'பழக்கம்' என்னும் சொல்லே. கல்வி நிதியைப்பற்றியும் மண்டபத்தின் கட்டட வேலையைப்பற்றியும் பேசுதற்குக் கூடிய இடத்திலே இச்சொல்லின் பொருளை ஆராய்வானேன் என்று சிலர் நினைத்தல் கூடும். அவ்வாறு நினைப்பவர்கள், தம் இல்லத்திலுள்ள திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.

'சுற்றமும் நட்பும் சூழ' எழுந்தருளி மணமக்களை வாழ்த்துமாறு அதில் அச்சிடப்பெற்றிருக்கும். நம் பாட்டனார் காலத்து அழைப்பிதழ்களில் இதுவே 'இஷ்டமித்திர பந்துக்களுடன்' என்று இருந்தது. எப்படிச் சொன்னாலும் அழைக்கப்பெறுவோர் இரண்டு கூட்டத்தாரே. ஒருபால் உறவினர், ஒருபால் நண்பர். ஆனால் மணப்பந்தரில் வந்து அமர்ந்திருப்பவர்களை ஒருமுறை பாருங்கள். மளிகைக் கடைக்காரர் வந்திருக்கின்றார். பெண்ணின் தந்தையோடு 20 ஆண்டுகளாக ஒரே ரயில் வண்டியில் அலுவலகம் செல்பவர் வந்திருக்கின்றார். அவருடைய வீடு எந்தத் தெருவில் இருக்கின்றது என்பதும் பெண்ணின் தந்தைக்குத் தெரியாது. துணி தைப்பவர், வீடு கட்டிய கொத்தனார், பாட்டியாருக்கு ஊசி போட வரும் தாதி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரர் ஆகிய இவர்களெல்லாம் வந்திருக்கின்றனர். 'இவர் யார்?' என்று மணமகன் வீட்டார் கேட்டால், 'நமக்கு நீண்டநாட் பழக்கம்' என்பதே விடை. சுற்றத்திலும் அடங்காமல், உயிர் நண்பர் என்று சொல்லும்படியும் இல்லாமல், அழைப்பிதழில் பெயரின்றிப் பந்தியில் மட்டும் இடம்பெற்றிருக்கும் இந்த மூன்றாங் கூட்டத்தாரைக் குறிக்கும் சொல்லைப்பற்றியே யாம் பேசப்போகின்றோம்.

சொல்லின் பிறப்பை முதலிற் காண்போம். ஒழுகு என்பதிலிருந்து ஒழுக்கமும், பெருகு என்பதிலிருந்து பெருக்கமும், உருகு என்பதிலிருந்து உருக்கமும் வந்தாற்போலப் பழகு என்பதிலிருந்து பழக்கம் வந்தது. பழகு என்பதற்கு அடியாக நிற்பது 'பழ' என்பது. பழைமை, பழங்கதை, பழஞ்சோறு என்பனவற்றிற் காண்பதும் அதுவே. நம் வீடுகளில் இரவு மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்துக் காலையில் உண்ணும் 'பழையது' இச்சொல்லுக்கு நெருங்கிய இனம் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆயினும் உண்மை அதுவே. மலையாளத்தில் இன்றும் பழகுதல் என்றால் பழையதாதல், நாட்பட்டுப்போதல். பழக்கம் என்றால் ஒரு பொருளின் வயது. கன்னடத்தில் 'பளகு' என்பது விலங்கு வசப்படுதலையும் ஒரு தொழிலிற் கைதேர்தலையும் குறிக்கும். மனிதரோடு மனிதர் கொள்ளும் தொடர்புக்கு இச்சொல்லை மிகுதியாக ஆண்டது தமிழே. பிரசங்கிகள் சிலர், பழம்போற் கனிவது பற்றிப் பழக்கம் எனப்பெற்றது என்பர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. பழமோ 'பழு' என்னும் வேறு வினையிற் பிறந்தது. பழுத்தல் வேறு, பழகுதல் வேறு.

இனி, இச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் இருத்தலை அனைவரும் அறிவீர்கள். காலையிற் காப்பி குடிப்பதும் பழக்கம். எதிர்வீட்டாரோடும் நமக்குப் பழக்கம். காளையை வண்டிக்குப் பழக்குகின்றோம். குழந்தையின் கையை எழுத்துக்குப் பழக்குகின்றோம். மோட்டார் ஓட்டக் கற்பவருக்கு அரசினர் கொடுக்கும் சீட்டுக்குப் பழகுநர் உரிமம் என்று பெயர். ஆங்கிலத்தில் இவற்றுக்கு 'ஹாபிட்' என்றும் 'அக்வெயின்டன்ஸ்' என்றும் ஒன்றோடொன்று ஒட்டாத இரு சொற்கள் வேண்டும். தமிழிலே ஒரு சொல் போதும். இஃது ஒரு தற்செயல் அன்று என்பதே எம் கருத்து. வடமொழிப் 'பரிசயம்' என்பதையும் பாருங்கள். நாம் பரிச்சயம் என்று வழங்கும் அச்சொல், திரட்டுதல், குவித்தல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்து, அடிக்கடி செய்து பழகுதலையும் ஒருவரோடு ஒருவர் அறிமுகமாயிருத்தலையும் ஒருங்கே குறிக்கின்றது. கடைக்காரர் வாயிற் கேட்கும் 'வாடிக்கை' என்பதும் அப்படியே. தெலுங்கில் 'வாடு' என்றால் பயன்படுத்துதல், 'வாடுக' என்றால் வழக்கம். 'வாடிக்கையாக வருவார்' என்னும்போது அது வழக்கத்தைக் குறிக்கின்றது. 'அவர் நம் வாடிக்கை' என்னும்போது ஆளையே குறிக்கின்றது. ஆக, திரும்பத் திரும்பச் செய்தலாலே உண்டாகின்ற தொடர்பு ஒன்று உண்டு, அது பிறப்பால் வருவதன்று, ஒரு நாளில் வருவதும் அன்று என்பதை இந்நாட்டு மொழிகள் பலவும் கண்டிருக்கின்றன.

அறிமுகம் என்பது ஒரு நாளில் வரும். அறிந்த முகம் என்பதே அச்சொல்லின் பொருள். முகத்தை அறிந்தாயிற்று, அவ்வளவே. சகவாசம் என்பது வடமொழியில் உடன் உறைதல். நம் பேச்சிலோ அது கெட்டுப்போய், 'பையனுக்குச் சகவாசம் சரியில்லை' என்று தந்தைமார் முறையிடுதற்கே பயன்படுகின்றது. 'வேண்டியவர்' என்பதில் ஏதோ ஒரு காரியம் ஒளிந்திருக்கின்றது. பழக்கம் என்பதில் மட்டும் நாட்கள் எண்ணப்படுகின்றன. எவ்வளவு நாட் பழக்கம் என்றுதானே கேட்கின்றோம்!

நிற்க. உறவு என்பதைப் பிறப்போடும் பழக்கத்தைக் காலத்தோடும் சேர்த்துப் பிரித்துவைத்தோம். உறவைக் குறிக்கும் நம் சொற்களே இப்பிரிவினைக்கு உடன்படுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். உறவு என்பது 'உறு' என்பதிலிருந்து வந்தது. உறுதலாவது அடைதல், நெருங்குதல், பொருந்துதல். சுற்றம் என்பது சுற்றியிருப்போர். கேள் என்னும் பழஞ்சொல் உறவினரையும் நண்பரையும் வேறுபாடின்றிக் குறித்தது. கேளிர் என்பது அதன் பன்மை, கேண்மை என்பது அத்தன்மை. (மேடைதோறும் முழங்கும் கணியன் பூங்குன்றனார் பாட்டை இங்கே யாமும் முழக்கப்போவதில்லை, அஞ்ச வேண்டா.) நட்பு என்பதும் நண்பு என்பதும் 'நள்' என்னும் அடியாகப் பிறந்தவை, அதற்கும் நெருங்குதல், செறிதல் என்பதே பொருள். இவற்றுள் ஒன்றேனும் இரத்தத்தைச் சொல்லவில்லை, விந்தையன்றோ! பங்காளி என்பது ஒன்றே வேறு வகையாகப் பேசுகின்றது. அதுவும் இரத்தத்தை அன்று, சொத்தின் பங்கையே சொல்லுகின்றது. உறவினராவார் யார் என்று நம் முன்னோரைக் கேட்டிருந்தால், அருகில் இருப்பவர், சுற்றி இருப்பவர், வந்து பொருந்துபவர் என்று அவர்தம் சொற்கள் விடை கூறியிருக்கும்.

ஆங்கிலத்திலே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 'கித் அண்ட் கின்' என்று ஒரு தொடரை அவர்கள் வழங்குவர். நம் 'சுற்றமும் நட்பும்' போன்றது. கின் என்பது சுற்றம். கித் என்பதை இக்காலத்து ஆங்கிலேயரிற் பலர் சுற்றத்துக்கே மற்றொரு பெயர் என்று எண்ணுகின்றனர். பழைய ஆங்கிலத்தில் அது வேறு. அறியப்பட்டது என்னும் பொருளுடைய 'கூத்' என்பதோடு இனமாகி, ஒருவன் அறிந்த நாட்டையும், அந்நாட்டில் அவன் அறிந்த மாந்தரையும் அது குறித்தது. முற்றிலும் நம் பழக்கமே! அவர்கள் அச்சொல்லின் பொருளை மறந்தனர்; சொல் மட்டும் கின் என்பதன் பக்கத்தில் பொருளின்றி நிற்கின்றது. இதைவிடக் கருதத்தக்கது அதன் மறுதலைச் சொல். 'அன்கூத்' என்பது முதலில் அறியப்படாதது, அயலானது என்றே பொருள்பட்டது. நாளடைவில் அது நாகரிகமற்றது, முரட்டுத்தனமானது என்றாயிற்று. அவனை எனக்குத் தெரியாது என்பதற்கும் அவன் இழிந்தவன் என்பதற்கும் இடையே எத்துணைக் குறுகிய தூரம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று யாம் கண்டதில்லை. இதற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

திருக்குறளைப் படித்தவர்கள் ஓர் ஐயம் எழுப்பலாம். வள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடாநட்பு என்று 79-ஆம் அதிகாரம் முதல் 83-ஆம் அதிகாரம் வரை நட்பைப்பற்றி வகுத்தனரே, பழக்கத்துக்குத் தனி அதிகாரம் இல்லையே என்பது அது. பழக்கத்தின் உடன்பிறப்பாகிய பழைமை அங்கே இருக்கின்றதன்றோ? பழைய நண்பர் உரிமை கொண்டு நம்மைக் கேளாமலே ஒன்றைச் செய்துவிட்டாலும் அதைப் பொறுத்தல் அவ்வதிகாரத்தின் பொருள். அவ்வுரிமைக்குக் கெழுதகைமை என்று ஓர் அழகிய பெயர் உண்டு. அடுக்களை வரையில் நேரே வந்து, 'மோர் இருக்கிறதா அம்மா?' என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போகின்றாரே, அவர் கொண்டிருப்பது கெழுதகைமை. நாள் கடந்தாலன்றி அது வாராது.

பழகாமலே நட்பு உண்டாகும் என்றும் வள்ளுவர் ஓரிடத்தில் கூறியிருக்கின்றார். உணர்ச்சி ஒத்தால் போதும் என்பது அங்கே கருத்து. உரைகாரர் அதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டுவர். உறையூரில் இருந்த அரசனும் பாண்டி நாட்டிலிருந்த புலவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அரசன் வடக்கிருந்தபோது, புலவர் வருவார் என்று அவன் இடம் ஒதுக்கிவைக்கச் சொன்னதும், அவர் அவ்வாறே வந்து சேர்ந்ததும் புறநானூற்றால் அறியப்படுவன. அத்தகைய நட்பு இருக்கட்டும். ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்ப்பது பற்றியன்றோ அதைப் பாடிவைத்தார்கள்? கடைத்தெருவுக்கும் ரயிலடிக்கும் போய்வரும் நம்மனோர்க்கு வேண்டுவது பழக்கமே.

பழைய உரைநூல்களில் 'நொதுமல்' என்று ஒரு சொல் வரும். பகைவர், நண்பர் ஆகிய இருவரிலும் சேராத அயலாருக்கு நொதுமலர் என்று பெயர். மனிதர் அனைவரையும் பகை, நொதுமல், நட்பு என்று மூன்றாக வகுத்தனர். நடுவிலுள்ள இக்கூட்டமே உலகில் மிகப் பெரியது. அவர்கள் அயலாராகவே நின்றுவிடுவதும், பழக்கமானவர் ஆவதும் நம் கையில் இருக்கின்றன.

இனி ஏட்டை மூடிவிட்டு மற்றோர் ஏட்டைத் திறக்கின்றோம். எம் இல்லத்துப் பெட்டியில் ஒரு மொய் ஏடு கிடக்கின்றது. ஆண்டு குறிக்கப்படவில்லை, கணக்கு ரூபாய், அணா, பைசாவில் இருத்தலால், புதுக்காசு வந்த 1957-ஆம் ஆண்டுக்கு முற்பட்டது என்பது திண்ணம். முதல் நான்கு பக்கங்கள் நம்மவர். மாமன் மொய் தனியாகவும், பங்காளிகள் தனியாகவும், ஊர்வாரியாக எழுதப்பட்டிருக்கின்றன. அதன் பின்னர் வருவதுதான் சுவையானது. எண்ணெய்ச் செக்குக்காரர் 2 ரூபாய். ஜவுளிக்கடை ராவுத்தர் 5 ரூபாய். வண்ணார் 8 அணா. பள்ளிக்கூடத்து வாத்தியார் 1 ரூபாயும் ஒரு புத்தகமும். பானை செய்பவர் பணம் வைக்கவில்லை. 'அரசாணிப் பானை அவர் கொடுத்தது' என்று குறிப்பு இருக்கின்றது. பெயர் நினைவில்லாமல் 'சந்தையில் வெற்றிலை விற்பவர்' என்று ஒருவர் 4 அணாவோடு நிற்கின்றார். அவர் வந்ததும் வைத்ததும் உண்மை, பெயரைக் கேட்க எழுதுகிறவர் கூசியிருக்கிறார் போலும். மொய் என்ற சொல்லுக்கே நெருங்குதல், கூட்டமாகச் சூழ்தல் என்பது பொருள்; தேனீ மொய்த்தல் என்கின்றோம். அக்கூட்டத்தின் உருவம் முழுதும் இவ்வேட்டில் இருக்கின்றது. ஒரு குடும்பம் யார் யாரால் வாழ்ந்தது என்பதை அறிய, வமிசாவளியைக் காட்டிலும் இது நல்ல ஆதாரம்.

ஆனால் இதில் இல்லாதவர் ஒரு கூட்டத்தார் உண்டு. பந்தற்கால் நடக் குழி தோண்டியவர்கள், பறை முழக்கியவர்கள், வாழையும் விறகும் சுமந்து வந்தவர்கள். அவர்கள் கடைசிப் பந்திக்கும் பின்னர், கொல்லையிலே, சொந்தக் கலத்தில் சோறு வாங்கிச் சென்றனர். மொய் ஏட்டில் அவர்கள் இல்லை. அதே பெட்டியிலுள்ள செலவுக் கணக்கில் இருக்கின்றனர். 'பறைக்கு' என்று ஒரு வரி, 'கூலியாட்களுக்கு' என்று ஒரு வரி. எத்தனை பேர் என்பதும் இல்லை. இத்தனைக்கும் அவர்களை நாள்தோறும் காணாதவர் அவ்வூரில் எவரும் இலர்.

திரும்பத் திரும்பக் காண்பதனால் பழக்கம் உண்டாகின்றது என்று முன்னர்க் கூறினோமே, இங்கே ஏன் உண்டாகவில்லை? விடை மொழியிலேயே இருக்கின்றது. கண்டு பழகுதல் வேறு, கலந்து பழகுதல் வேறு. 'புழக்கம்' என்று மற்றொரு சொல் நம் கிராமங்களில் உண்டு. புழங்கும் பாத்திரம் என்றால் எடுத்து ஆளும் பாத்திரம். 'அவர்களோடு நமக்குப் புழக்கம் இல்லை' என்றால், அவர்கள் வீட்டில் நாம் தண்ணீர் குடிப்பதில்லை, நம் வீட்டுத் திண்ணையில் அவர்கள் உட்காருவதில்லை என்பது கருத்து. ஊரில் மற்றவர்களோடு ஊர்முறை வைத்து அழைத்தனர். சாதி வேறாயினும், மதம் வேறாயினும், ஒருவருக்கு ஒருவர் அண்ணன், மாமா, சித்தப்பா ஆயினர். தென் மாவட்டங்களில் முஸ்லிம்களோடு மாமன் மைத்துனர் முறை சொல்லி அழைப்பதை இன்றும் கேட்கலாம். சேரியிலிருந்து வந்த எழுபது வயது முதியவருக்கோ அந்த முறைகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. பத்து வயதுச் சிறுவன் அவரை ஒருமையிற் பெயர் சொல்லி அழைத்தான். அவர் அச்சிறுவனைச் 'சின்ன ஐயா' என்றார். அயலானவன் இழிந்தவன் ஆகிய ஆங்கிலச் சொல்லின் கதையை இங்கே நினைவுகூருங்கள். அங்கே சொல் மாறச் சில நூற்றாண்டுகள் ஆயின. இங்கே ஒரே தெருமுனையில், ஒரே நாளில், இரண்டும் அருகருகே நின்றன.

இதற்குச் சமாதானம் கூறியவர்கள் எச்சொல்லைக் கொண்டு கூறினர் தெரியுமா? 'தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம்' என்றனர்! ஒரு பொருளில் மனிதரை மனிதரோடு சேர்ப்பது எதுவோ, மற்றொரு பொருளில் அதுவே நடுவில் வேலியாக நின்றது. யாம் இச்சொல்லை எடுத்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் இதுவே. விலக்கிவைத்தல் இயற்கை அன்று, தெய்வ கட்டளையும் அன்று. அஃது ஒரு பழக்கம் என்று அதைக் காத்தவர்களே சாட்சி சொல்லியிருக்கின்றனர். பழகியதாயின், மாற்றிப் பழகுதலும் கூடும்.

சட்டம் தன் பங்கைச் செய்தது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-ஆம் பிரிவு, கடை, உணவு விடுதி, கிணறு, குளம், நீராடுதுறை, சாலை ஆகியவற்றில் சாதி காரணமாக எவரையும் தடுத்தல் ஆகாது என்றது. 1955-இல் தண்டனைச் சட்டமும் வந்தது. அதன் பின்னரும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை பல ஊர்களில் நீடித்தது நாம் அறியாததன்று. கடையின் கதவைத் திறக்கச் சட்டத்தால் இயலும். உள்ளே ஒரே பலகையில் அமர்ந்தவர்கள், 'மழை எப்படி? பையன் எந்த வகுப்பு?' என்று கேட்டுக்கொள்ளும்படி செய்ய அதனால் இயலாது. அதைச் செய்வது பழக்கம். அது நம்மிடத்தில் இருக்கின்றது.

இவ்வளவையும் இன்று ஏன் கூறுகின்றோம்? சங்கத்தின் காரியக் கமிட்டிக்கு இரண்டு யோசனைகள் வந்திருப்பதாக அறிகின்றோம். அங்கத்தினர் தம் வீடுகளை நம்மவருக்கே வாடகைக்கு விடுதல் வேண்டும் என்பது ஒன்று. நம் இளைஞர்களுக்கு வேலை தேடித் தருதற்கு நம்மவரையே கொண்ட கைப்பேசிக் குழு ஒன்று போதும் என்பது மற்றொன்று. நல்லெண்ணத்தோடு கூறப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டும் தவறு என்றே யாம் கருதுகின்றோம்.

முதலாவதைப்பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. பட்டணத்தில் வீடு தேடி அலைந்தவர்கள் இக்கூட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கின்றீர்கள். 'நீங்கள் என்ன ஆட்கள்?' என்ற கேள்வியை வாயிற்படியில் நின்று கேட்டவர்கள் நீங்கள். அக்கேள்வியை இனி நாம் பிறரைக் கேட்பதா? அன்றியும், மாடிவீட்டில் அயலார் ஒருவர் குடியிருப்பதே பட்டணத்தில் நம் குழந்தைகளுக்கு வாய்க்கக்கூடிய ஊர்முறை. அவ்வீட்டு அம்மையாரை அத்தை என்று அழைத்து வளர்ந்த பிள்ளைக்குச் சாதியைப்பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டுவதில்லை. வாடகை பாக்கி நின்றால் என் செய்வது என்பீர்கள். உறவினர் பாக்கி வைத்தால் கேட்கவும் வாய் வாராது என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள்.

இரண்டாவதற்கு ஓர் ஆராய்ச்சியைச் சான்று காட்டுகின்றோம். அமெரிக்க தேசத்துச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் என்பார் 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் நகருக்கு அருகில், வேறு மனிதர் வாயிலாக வேலைச் செய்தி அறிந்து புதுவேலையில் அமர்ந்தவர்களை அவர் விசாரித்தார். செய்தி சொன்னவரை எத்துணை அடிக்கடி காண்பீர்கள் என்று கேட்டதற்கு, அடிக்கடி என்றவர் நூற்றுக்கு 17 பேர் அளவே. எப்போதாவது என்றவர் ஏறத்தாழ 56. அரிதாகவே என்றவர் ஏறத்தாழ 28. காரணம் எளியது. நமக்கு நெருங்கியவர் அறிந்ததை நாமும் முன்னமே அறிந்திருப்போம். அவர் செல்லும் இடத்துக்கே நாமும் செல்கின்றோம். அரைகுறைப் பழக்கமுடையவரோ வேறோர் உலகத்திலிருந்து வருகின்றார். நம் செவிக்கு எட்டாத செய்தி அவர் செவிக்கு எட்டியிருக்கும். ஒரு புறநகரைப்பற்றிய சிறிய கணக்கு அது. நம் நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. இந்நாட்டில் வேலைக்கும் கடனுக்கும் உறவினர் செய்யும் உதவி பெரிது. இச்சங்கமே அதற்குச் சாட்சி. ஆயினும் நம்மவரே நம்மவரோடு பேசிக்கொண்டிருக்கும் குழுவில் ஒரே செய்தி பத்து முறை சுற்றி வருவதை, அக்குழுக்களில் உள்ள நீங்களே கண்டிருப்பீர்கள். காலை வணக்கப் படங்களைப்பற்றி யாம் ஒன்றும் கூறவில்லை!

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது பழமொழி அன்றோ, அயலாரோடு மிகுதியாகப் பழகினால் மனத்தாங்கல் வாராதா என்று சென்ற வாரம் பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார். வரும். உறவினரிடத்தில் வாராதா? 'கிட்ட உறவு முட்டப் பகை' என்பதும் பழமொழிதான். பாகப் பிரிவினை வழக்குகளில் எதிரெதிரே நிற்பவர் எவர் என்பதைச் சங்கத்தின் வக்கீல் அங்கத்தினர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உறவினரோடு மனத்தாங்கல் வந்தால் நல்லது கெட்டதுகளில் எப்படியும் முகம் பார்த்தாக வேண்டும். பழக்கமானவரோடு வந்தால், ஒருநாள் அந்தக் கடைக்குப் போகாமல் இருந்துவிடலாம். அவ்வளவில் அது அறுந்துபோகும். எவரும் சமாதானம் செய்துவைக்க வரமாட்டார்கள். ஆதலின் இதைக் காத்தலில் நம் கவனம் கூடுதலாக இருத்தல் வேண்டும். கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுதற்கு நேரமின்றிப் பொருள்களைக் கைப்பேசி வழியே வருவித்துக்கொள்ளும் இக்காலத்தில், வாயிலில் வந்து பொட்டலத்தை நீட்டுகின்ற இளைஞரின் பெயரேனும் நமக்குத் தெரியுமா? வெயிலில் வந்தவருக்கு ஒரு குவளை நீர் கொடுத்துப் பெயர் கேட்பதற்குச் சங்கத்தின் தீர்மானம் எதுவும் வேண்டுவதில்லை. அக்குவளை நாம் குடிக்கும் குவளையாகவே இருக்கட்டும்.

சங்கம் இவ்வாண்டு அச்சிடவிருக்கும் குடும்பக் கையேட்டைப்பற்றி ஒரு விண்ணப்பம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர், பூர்வீக ஊர், தொழில், கொண்ட இடம், கொடுத்த இடம் என்று கட்டங்கள் வரையப்பட்டிருக்கின்றன. கடைசியில் ஒரு கட்டம் கூட்டி, அக்குடும்பத்தோடு இரண்டு தலைமுறையாகப் பழகிவரும் பிற குடும்பத்தார் எவரேனும் இருப்பின், அவர்கள் இசைந்தால், அவர்களையும் குறித்தல் நலம். அச்சுக்கூலி சற்று மிகும் என்று காரியதரிசி அவர்கள் கூறுகின்றார்கள். 1 பக்கத்துக்கு 4 குடும்பம் என்பதை 3 ஆக்க நேரும். அந்தக் கூடுதற் செலவில் ஒரு பகுதியை யாம் ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கின்றோம். எஞ்சியதைக் கமிட்டியார் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வார்களாக. பழைய மொய் ஏடுகள் எவர் வீட்டிலேனும் கரையான் அரியாமல் இருப்பின், அவற்றைப் படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருதற்கும் ஏற்பாடு செய்திருக்கின்றோம். செலவுக் கணக்கு ஏடுகளையும் உடன் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கின்றோம்.